மன்னிப்பு கேட்கக் கூடாத ஊர்

எங்கள் பாறைக்கொட்டாய் வெயிலைப் பற்றி நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சித்திரை மாதத்தில் எங்கள் ஊர்க் கோழி இடுகிற முட்டையை அப்படியே உரித்துச் சாப்பிடலாம், அடுப்பே தேவையில்லை. பாறை மேல் உட்கார்ந்த காக்காய், ஒவ்வொரு காலாகத் தூக்கி ஊதிக்கொண்டுதான் பறக்கும். நான் பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் இதையெல்லாம் சேலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போவேன். இறங்க வேண்டிய ஊரை விட்டுவிட்டுக் கதை கேட்டுக்கொண்டு வந்த ஆட்கள் உண்டு.

அவ்வளவு வெயில் இருந்தும் ஊரில் கரண்ட் இல்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து புறப்பட்ட மின்கம்பங்கள் வரிசையாக நடந்து வந்து, எங்கள் ஊருக்கு முந்தின ஓடையைப் பார்த்ததும் நின்றுவிட்டன. அந்த ஓடையில் ஒரு தவளை நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் கிடையாது. கம்பங்களுக்கு என்ன பயமோ, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நின்றவை, ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்த வருஷமும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தன.

எண்பத்தேழாம் வருஷம், பொங்கல் கழிந்த கையோடு, யூனியன் ஆபீசிலிருந்து ஓர் ஆபீசர் ஜீப்பில் வந்தார். வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிற சாமான் வந்திருக்கிறது என்றார். ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு பேட்டரி, இரண்டு விளக்கு. அரசாங்கம் பெரும்பங்கு போட்டுக்கொள்வதால் கூலிக்காரன் வீட்டுக்கும் கட்டுப்படியாகும்; வீடுகளுக்கும் உண்டு, முனிராஜின் டீக்கடைக்கும் உண்டு. ஆனால் முதலில் ஒரே ஒரு வீட்டில் மாட்டிப் பார்ப்போம், சித்திரை வரைக்கும் ஒழுங்காக எரிந்தால் ஊருக்கே தருவோம், எரியாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்றார். மலைக்கு அந்தப் பக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு வெளிச்சம் கிடைத்தால் அதை எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டத்தான் பயன்படுத்துவார்கள்.

முதல் வீடாகக் காசியம்மாள் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள்தான் மாதர் சங்கத் தலைவி. காசியம்மாள் ஓடைக்கரையில் நின்று கூப்பிட்டால் பாப்பாரப்பட்டிச் சந்தையில் மாடு திரும்பிப் பார்க்கும். அவளுடைய கணவன் சென்றாயன், கல்யாணத்தன்று பேசிய நாலு வார்த்தையோடு சரி, மீதியைச் சேமித்து வைத்திருந்தான். வீட்டை அவள் வைத்திருக்கிற சுத்தம் ஊர் அறிந்தது. வெளியாள் ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் போதும், வாசலில் சாணம் தெளித்து, காயப்போட்டதை எல்லாம் அள்ளி உள்ளே போட்டு, ஆட்டுக்குட்டிக்குக்கூட மூஞ்சி கழுவி விடுவாள்.

சாமானை மாட்ட வந்தவர் பாப்பாரப்பட்டி அப்துல் சுபான். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் பேட்டரி, ரேடியோக் கடை வைத்திருந்தார். எங்களுக்கு அவர் பாய். வாய் என்றால் அப்படி ஒரு வாய். எனக்கே போட்டியாகச் சொல்லத்தக்க ஆள் இந்த ஜில்லாவில் அவர் ஒருவர்தான். செத்துப்போன பேட்டரிக்குத் தான் பக்கத்தில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே சார்ஜ் ஏறும் என்பார். மகள் ஷகிலா ஒன்பதாவது படிப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவள் ஏற்கெனவே கலெக்டராகிவிட்டாளோ என்று நமக்குச் சந்தேகம் வரும். இந்த முதல் வீட்டு வேலை நன்றாக அமைந்தால், சுற்றுவட்டாரத்துக் கொட்டாய் ஊர்களுக்கெல்லாம் மாட்டுகிற வேலையை அவருக்கே கொடுப்பதாக ஆபீசர் சொல்லியிருந்தார். அதனால் அன்றைக்கு அவர் சைக்கிள் மணி ஓடையைத் தாண்டுவதற்கு முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டது.

காசியம்மாள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கல் பலகைதான் கூரை. அதன் மேல், வெயில் விழுகிற பக்கம் பார்த்து, லேசான சாய்வில் பாய் அந்தக் கண்ணாடிப் பலகையைப் பொருத்தினார். கட்டில் அளவு இருந்ததாக நான் வெளியூரில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஒரு சின்ன ஜன்னல் கதவு அளவு இருக்கும். இது எப்படி வேலை செய்கிறது என்று காசியம்மாள் கேட்டாள். தெரியாது என்று பாய் தன் ஆயுசில் சொன்னதில்லை. இது தோசைக்கல் மாதிரி என்றார். சூடு ஏற ஏறக் கரண்ட் சுரக்கும், அது ஒயர் வழியாகப் பேட்டரிக்குள் இறங்கும், ராத்திரிக்கு விளக்காக வரும். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் ஊரில் இல்லாத சூடா.

விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சென்றாயன் தன் மனைவியை நன்றாகப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் படுத்துக்கொண்டதாக நான் ஒரு கதை கட்டிவிட்டேன். காசியம்மாள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அது புளி சீசன். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மாசியிலிருந்து கை ஓயாது. காசியம்மாள் வீட்டில் வெளிச்சம் வந்ததும் பொழுது சாய்ந்த பிறகும் பெண்கள் அங்கே கூடிப் புளி தட்ட ஆரம்பித்தார்கள். புளி பெருகியது. பெருகிய புளியைக் காயப்போட இடம் வேண்டும். தரையில் போட்டால் மண் ஒட்டும், வியாபாரி மூக்கைச் சுளிப்பான். பாறையில் போட்டால் ஆடு. காசியம்மாள் கொட்டகை மேல் ஏறிப் பார்த்தாள். மண் இல்லை, ஆடு ஏறாது, கையை வைத்தால் சுடுகிற கண்ணாடி. பழைய சேலையை விரித்து அதன் மேல் புளியைப் பரப்பினாள். ஒரே பகலில் சருகாகக் காய்ந்தது. மண் ஒட்டாத புளி என்று அவள் புளிக்குச் சந்தையில் பெயரே வந்துவிட்டது. எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் மெச்சினோம். விளக்கு எரிவது பொழுது போன பிறகு. பகலில் சும்மா கிடக்கிற பலகைதானே. சூடும் குறையவில்லை, புளிக்கு அடியில் பலகை இன்னும் கொதித்தது.

கொஞ்ச நாளில் விளக்கு மங்க ஆரம்பித்தது. முதலில் மஞ்சளாக, பிறகு மின்மினிப் பூச்சி பார்த்துச் சிரிக்கிற மாதிரி. பாய்க்குச் சொல்லி அனுப்பினார்கள். பாய் வருகிறார் என்றதும் காசியம்மாள் வழக்கம்போல் வாசல் தெளித்து, புளியை அள்ளி உள்ளே வைத்து, கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, கோயில் குத்துவிளக்கு மாதிரி ஆக்கி வைத்தாள். பாய் ஏறிப் பார்த்தார், மீட்டரை வைத்தார், முள் துள்ளியது. இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு சுத்தமாகப் பலகையை வைத்திருக்கிற அம்மா நீங்கள்தான் என்று பாராட்டினார். காசியம்மாளுக்கு முகம் மலர்ந்தது. பலகையில் குற்றம் இல்லை, ஒயரிலும் இல்லை. ஆனாலும் விளக்கு மங்கியது. மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் வாசல் தெளித்திருந்தது, பலகை பளபளத்தது, முள் துள்ளியது.

பலகை நல்லது என்று பாயே சொல்கிறார். ஒயர் நல்லது என்று அவரே சொல்கிறார். அப்படியானால் பேட்டரிதான். பேட்டரியைத் தர்மபுரியிலிருந்து வாங்கி வந்தவர் யார்? பாய். இந்தக் கணக்கைப் போட்டவன் காசியம்மாளின் அண்ணன் பெரியண்ணன். பெரியண்ணன் கணக்கு போட்டால் அது ஊர்க் கணக்கு. ஆள் வாசற்படியில் தலை இடிக்காமல் நுழைந்த வீடு இந்த ஊரில் கிடையாது, குரல் அதைவிட உயரம். ஆபீஸ் கொடுத்த புது பேட்டரியைக் கடைக்கு எடுத்துக்கொண்டு, செத்த பேட்டரிக்குப் பெயின்ட் அடித்து இங்கே வைத்துவிட்டான் பாய் என்றான். சொல்லி முடிப்பதற்குள் ஊர் நம்பிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் விளக்கு போய்விடுமே என்கிற பயம் எங்களை எதையும் நம்ப வைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயைக் கூப்பிட்டு மாரியம்மன் கோயில் முன்னால் நிற்க வைத்தோம். வைத்தோம் என்றுதான் எழுத வேண்டும். ஊரில் நிற்கிற உயிர் எல்லாம் அங்கே நின்றது. பெரியண்ணன் கேட்க, பாய் முதலில் சிரித்தார். தன் பேட்டரியைப் பற்றி நாலு பெருமை பேசினார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவருக்குப் புரிந்தது.

"அவ்வளவு யோக்கியன்னா, உம் பொண்ணு தலையில கை வெச்சு சத்தியம் பண்ணுய்யா" என்றான் பெரியண்ணன்.

பாய் அவனைப் பார்த்தார். அந்த வாயாடி மனிதர் வார்த்தை தேடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பேட்டரிய இன்னா வேணாலும் சொல்லுங்க. எம் பொண்ண இதுல இழுக்காதீங்க" என்றார்.

சத்தியம் பண்ண மறுத்துவிட்டான் என்று கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்கு அஞ்சல் போயிற்று. அங்கே போய்ச் சேரும்போது ஒத்துக்கொண்டான் என்று ஆகியிருந்தது.

மறுநாள் பாய் சைக்கிள் கேரியரில் ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தார். மணி அடிக்கவில்லை. தன் கடையில் தனக்கென்று வைத்திருந்த பேட்டரி, நன்றாகச் சார்ஜ் ஏற்றியது. அதை மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஓடை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அன்று விளக்கு எரிந்தது பாருங்கள், கண் கூசிப் பல்லிகள் எல்லாம் ஓட்டுக்குள் ஓடின. அதோடு ஊருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. திருடியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பெரியண்ணன் அந்த வாரம் சந்தைக்குப் போய், டீக்கடை, காய்கறிக்கடை, மாட்டுத் தரகர் என்று ஒருவர் விடாமல் சொன்னான். சுபான் கடையில் பேட்டரி கொடுத்தவர்கள் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். வழக்கமாக நாலு பேர் நின்று கதை கேட்கிற இடத்தில் பாய் தனியாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதை பஸ்ஸிலிருந்து நான் பார்த்தேன். ஷகிலாவைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை.

பத்து நாள் போலப் போயிருக்கும், விளக்கு மறுபடி மங்கியது. இதுவும் போலி பேட்டரி என்று பெரியண்ணன் கிளம்பினான். அந்தச் சமயத்தில் புளி வியாபாரி வந்து காசியம்மாளின் சரக்கு முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனான். கொட்டகை மேல் காலி. இரண்டு மூன்று நாளில் விளக்கு தானாகவே தேறியது. பேட்டரி பயந்துவிட்டது, பெரியண்ணன் மிரட்டல் வேலை செய்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காசியம்மாள் மட்டும் விளக்கையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த மரத்துப் புளி வந்தது, காயப்போட்டாள், விளக்கு இறங்கியது. அள்ளினாள், ஏறியது.

நான் ஒருநாள் அவள் வீட்டுக்குப் புளியங்கொட்டை கேட்கப் போனேன். கொட்டகை மேல் முறத்தோடு நின்றிருந்தாள். முறம் நிறையப் புளி, பலகை வெறுமையாக. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ தெரியாது.

"கண்டக்டரண்ணா, நீங்க நாலு ஊரு சுத்துனவரு. இந்தக் கண்ணாடி சூட்டத் தின்னுதா, வெளிச்சத்தத் தின்னுதா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"வெளிச்சத்தத்தான் தின்னுதுங்க. நாந்தான் அது வாயில புளிய அடைச்சு வெச்சிருந்தேன்."

இறங்கி வந்து முறத்தைக் கீழே வைத்தவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள். இதைச் சொன்னால் அண்ணன் சந்தையில் தலை காட்ட முடியாது, மாதர் சங்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள், ஆபீசர் இந்த முட்டாள்களுக்கா விளக்கு என்று மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை, புளியை வேறு இடத்தில் போட்டால் முடிந்தது. இதையெல்லாம் அவளே சொல்லிக்கொண்டு போனாள். கடைசியில் நஷ்டம் யாருக்கு என்று வந்தபோது நிறுத்திக்கொண்டாள். நான் வீட்டுக்கு வந்து அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. வயிறு பானை மாதிரி உப்பி, என் மனைவி எனக்குச் சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

சித்திரை பிறந்தது, ஆபீசர் வந்தார். பலகை சுத்தம், விளக்கு அருமை. மீட்டரைக் கொட்டகை மேல் வைத்துவிட்டு இறங்கி வந்து, உங்கள் ஊருக்கு எல்லா வீட்டுக்கும் சாமான் உண்டு என்றார். ஊர் கைதட்டியதில் ஓடைக்கு அப்பால் நின்ற கம்பங்கள் ஆடின. மாட்டுகிற வேலையை அதே பாய்க்கே கொடுத்துவிடலாமா என்று அவர் கேட்டபோது, பெரியண்ணன் முன்னால் வந்து பேட்டரி விஷயத்தைச் சொன்னான். ஆபீசர் முகம் மாறியது. அப்படிப்பட்ட ஆள் வேண்டாம், தர்மபுரியிலிருந்து வேறு ஆள் அனுப்புகிறேன், சுற்றுவட்டாரத்துக் கொட்டாய்கள் எதற்குமே இனி அந்த ஆள் கிடையாது என்றார்.

நான் காசியம்மாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போனாள், ஒரு கூடைப் புளியோடு வந்தாள், எல்லோரும் பார்க்கக் கொட்டகை மேல் ஏறினாள். ஆபீசரையும் மேலே வரச் சொன்னாள். மீட்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, சேலையை விரித்துப் புளியைப் பலகை மேல் பரப்பினாள். நின்றுகொண்டிருந்த முள் படுத்துக்கொண்டது.

"பாய் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. இத மாசியிலருந்து இங்க காயப் போட்டவ நானு. அவரு வரப்பல்லாம் வூடு சுத்தமா இருக்கோணும்னு எடுத்து வெச்சவளும் நாந்தான்."

ஓடைக்கரையில் நின்று சந்தை மாட்டைத் திருப்புகிற குரல். அன்றைக்கு அவள் அதை உயர்த்தவே இல்லை, ஆனாலும் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஏற்பட்ட மௌனத்தைப் பற்றி நான் எவ்வளவு பெரிதாகச் சொன்னாலும் குறைவுதான். கோயில் மணியில் உட்கார்ந்த ஈ எழுந்து பறந்தது காதில் விழுந்தது. ஒவ்வொருவரும் தரையில் எதையோ தொலைத்த மாதிரி தேடினார்கள். பெரியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை. ஆபீசர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பாய் ஒத்துக்கொண்டால் வேலை பாய்க்கே, போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சந்தையன்று போனோம். காசியம்மாள், நான், எங்களுக்குப் பின்னால் பெரியண்ணன். கடை வரைக்கும் வந்தவன் எதிரில் குவித்திருந்த பூசணிக்காய்களுக்குப் பின்னால் நின்றுகொண்டான். அவ்வளவு உயரமான ஆள் பூசணிக்காய்க்குப் பின்னால் ஒளிய முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

கடையில் பாயும் அவர் மனைவி ஜான் பீயும் இருந்தார்கள். காசியம்மாள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் பாய் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப சூடு இல்லையா? வெளிச்சமா?"

ஆமாம் என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோசைக்கல் என்று சொன்னது தான்தானே என்றார், எங்களிடம் சொன்ன மாதிரியும் இல்லை. தெரியாமலே தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன், மூன்று தடவை வந்தேன், பலகை மேல் என்ன போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை என்றார். அவர் இப்படித் தன்னையே குறைத்துக்கொண்டதும் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. குற்றம் பங்கு போட்டாகிவிட்டது என்ற அற்பமான நிம்மதி. அதை ஜான் பீ பார்த்துவிட்டார்.

"அது சரிங்க. எங்க கடையத் தாண்டறப்ப சந்தை ஜனமே மூஞ்சத் திருப்பிக்கினு போச்சே, எம் பொண்ண இஸ்கூல்ல திருடன் பொண்ணுன்னு சொன்னாங்களே, அதுக்கும் புளிதான் காரணமா?"

காசியம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு குனிந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையின் முதல் எழுத்து வந்திருக்கும். பாய் சட்டென்று திரும்பினார்.

"வேணாம்மா. நான் வரேன். எல்லா வூட்டுக்கும் மாட்டறேன். ஆனா ஒருத்தர் கூட எங்கிட்ட மன்னிப்புன்னு வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா ஒயரச் சுருட்டிக்கினு போயிட்டே இருப்பேன்."

ஏன் பாய் என்று நான்தான் கேட்டேன்.

"கேட்டுட்டீங்கன்னா உங்களுக்குப் பாரம் எறங்கிடும். எனக்கு எறங்காதுங்க."

அப்படித்தான் எங்கள் ஊர் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக வாயை மூடிக்கொண்டது. பாய் வந்தார். வீடு வீடாக ஏறினார், பலகை வைத்தார், துளை போட்டார், ஒயர் இழுத்தார். நாங்கள் சுற்றி நின்றோம். குள்ளம்மாள் என்று ஒருத்தி, தூக்கத்திலும் பேசுகிறவள், அவர் தன் வீட்டில் இருந்த நேரம் முழுக்க முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். முனிராஜ் டீக்கடையில் அவருக்கு டீயைப் போட்டு, பாலாடையைப் போட்டு, அதன் மேல் இன்னும் ஆடையைப் போட்டு நீட்டினான். பாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் அவர் வாய் நனைக்கவில்லை. கோபமாகவும் இல்லை. ஒயரைப் பிடி என்றால் பத்துப் பேர் பிடித்தோம், ஏணி என்றால் நாலு ஏணி வந்தது. விளக்கை ஏற்றிக் காட்டிவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வாக்கியம் சொன்னார்: பலகை மேல் ஒன்றும் போடாதீர்கள், வெளிச்சம் படணும். சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்ட வீட்டார் ஒவ்வொருவரும் அரையடி குள்ளமானார்கள். அவர் முடித்துவிட்டுப் போகும்போது ஊரே வாசற்படியில் இடிக்காமல் நுழையலாம் என்கிற உயரத்துக்கு வந்துவிட்டது.

காசியம்மாள் அவர் போகிற வீடெல்லாம் பின்னாலேயே வந்தாள். அவள் வீட்டில் ஏற்கெனவே விளக்கு உண்டு, அவளுக்கு அங்கே வேலை இல்லை. ஆணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாய் கை நீட்டினால் கேட்பதற்கு முன் ஆணியை எடுத்துக் கொடுத்தாள். அதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் எல்லோரையும்விட அவள் நிலைமை மேல் என்று தோன்றியது, எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கோயில் முன்னால் சொல்ல வேண்டியதை ஊர் முன்னால் சொல்லிவிட்டவள் அவள் ஒருத்திதான்.

கடைசி வீடு பெரியண்ணனுடையது. அவனே கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போனான். நாளைக்கு, நாளைக்கு என்று. வேறு வீடு இல்லை என்று ஆனதும் ஏணியைத் தானே கொண்டுவந்து சாத்தினான். பாய் ஏறினார். பெரியண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி மாதம்மாள் வாசலிலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள், பேசிவிடாதே என்று. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பாதி வேலை முடிந்தது. பலகை ஏறிவிட்டது, ஒயர் ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. பாய் ஏணியில் நடுப்படியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஷகிலா இஸ்கூலுக்குப் போகிறாளா என்று குள்ளம்மாள் பக்கத்தில் யாரையோ கிசுகிசுத்துக் கேட்டாள், போகவில்லை, இந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார்களாம் என்று பதில் வந்தது. மெதுவாகத்தான் சொன்னார்கள். பெரியண்ணன் காதில் விழுந்துவிட்டது.

"பாய்" என்றான். "நான் அன்னிக்கு உங்க பொண்ண..."

சுத்தியல் நின்றது. பாய் கீழே பார்த்தார். பிறகு சுத்தியலை இடுப்பில் செருகினார், அடித்த ஆணியைப் பிடுங்கினார், ஒயரை முழங்கையில் சுற்றிச் சுற்றிச் சுருட்டிக்கொண்டே இறங்கினார். பெரியண்ணன் ஏணியை விடவில்லை, அவர் இறங்கி முடிக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். காசியம்மாள் ஆணிப் பெட்டியை நீட்டினாள், வாங்கிக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஓடைக்கு அந்தப் பக்கம் போனதும் ஏறி மிதித்தார்.

மற்ற கொட்டாய்களுக்கெல்லாம் அவர்தான் மாட்டினார். பாப்பாரப்பட்டிக் கடையில் மறுபடி நாலு பேர் நிற்கிறார்கள். அவர் கதை சொல்கிறார், ஆனால் பலகை எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் ஆபீசரைக் கேட்கச் சொல்லிவிடுகிறார். பெரியண்ணன் வீட்டுக்கு மட்டும் இன்னும் விளக்கு இல்லை. பலகை கூரை மேல் வெயில் காய்கிறது, பேட்டரி பெட்டிக்குள் கிடக்கிறது. தர்மபுரி ஆளை அனுப்புகிறேன் என்று ஆபீசர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். பெரியண்ணன் வேண்டாம் என்றுவிட்டான்.

பொழுது சாய்ந்தால் மாதம்மாள் நாத்தனார் வீட்டுக்குப் புளி தட்ட வந்துவிடுவாள். அவளைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் பெரியண்ணனும் வருவான். உள்ளே வா என்று காசியம்மாள் கூப்பிடுவாள். அவன் வாசலுக்கு வெளியே வண்டி நுகத்தடி மேல் உட்கார்ந்துகொள்வான், வெளிச்சம் விழாத இடமாகப் பார்த்து. ஒருநாள் நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காக்காய் காலை ஊதிக்கொள்கிற கதையைப் புது மெருகோடு ஆரம்பித்தேன். அவன் சிரிக்கவில்லை. கதை முடிந்ததும், அன்றைக்கு ஏணியடியில் சொல்ல வந்ததை எதுவரைக்கும் சொன்னேன் என்று கேட்டான். பாதிகூட இல்லை என்றேன்.

"அப்ப மீதி எங்கிட்டதான் கெடக்குது" என்றான்.